கார்ப் பந்தய உலகின் உளவு விவகாரம்: கற்றல் எது, களவு எது?

பதுளை மாவட்டத்தின் தியத்தலாவையில் மலைச்சரிவை அண்டி அமைந்துள்ள பொக்ஸ் ஹில் ஓட்டப் பாதை, ஊவா மாகாண மக்களுக்கு மோட்டார் பந்தயம் என்றால் என்னவென்று கண்முன்னே காட்டிய இடமாகும். ஏப்ரல் மாதப் பந்தயங்களைக் காண வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை, மொனராகலை ஆகிய இடங்களிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாகவே அங்கு திரள்வர். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி அந்தப் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்த துயரத்தையும் எவரும் மறந்துவிட முடியாது. பந்தயம் என்பது எம்மவருக்குத் தொலைக்காட்சியில் மட்டும் தெரியும் அந்நிய ஆட்டம் அன்று.

இந்த ரசிகர்களிடையே இன்றும் முடிவுறாத விவாதமொன்று உண்டு. 2007 ஆம் ஆண்டு போர்மியூலா வன் பந்தய உலகை உலுக்கிய உளவு விவகாரமே அது. பெராரி அணியின் இரகசிய ஆவணங்கள் மெக்லாரன் அணியின் தலைமை வடிவமைப்பாளரின் வீட்டில் கண்டெடுக்கப்பட்டன. அதற்கு விதிக்கப்பட்ட தண்டம் 100 மில்லியன் அமெரிக்க டொலர். அது நியாயமா அநியாயமா என்று கராஜ்களிலும் தேநீர்க் கடைகளிலும் அன்று வாதிட்ட இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் இன்று நடுத்தர வயதினர். ஆயினும் பேச்சை எடுத்தால் வாதம் அன்று விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கிவிடுகின்றது.

அந்த விவகாரத்தில் நடந்தது என்ன, தீர்ப்புகள் எவை, இந்தியாவின் பெயரைத் தாங்கிய அணியொன்று அதேபோன்ற வழக்கில் கண்ட முடிவு என்ன என்பவற்றை ஒழுங்காக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு காரின் இரகசியம் எங்கே இருக்கின்றது?

போர்மியூலா வன் பந்தயத்தில் பங்குபற்றும் ஒவ்வோர் அணியும் தனது காரின் உடற்பகுதியைத் தானே வடிவமைத்தல் வேண்டும். இயந்திரத்தைப் பிறரிடம் வாங்கலாம். சக்கர டயர்களை ஒரே நிறுவனம் அனைவருக்கும் வழங்கலாம். ஆனால், காற்றை ஊடறுத்துச் செல்லும் உருவம், எடை முன்னும் பின்னும் பகிரப்படும் விதம், தடுப்புத் தொகுதியின் அமைப்பு முதலியன அந்தந்த அணியின் சொந்த மூளை உழைப்பு ஆகும். ஒரு சுற்றில் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கை மிச்சப்படுத்துவதற்காக நூற்றுக்கணக்கான பொறியியலாளர்கள் மாதக்கணக்கில் உழைக்கின்றனர்.

இந்த உழைப்பின் பெறுபேறு கார் மட்டுமன்று. வரைபடங்கள், அளவீடுகள், பரிசோதனைக் குறிப்புகள், தோல்வியுற்ற முயற்சிகளின் பதிவுகள் ஆகியவையும் அதன் பெறுபேறே. எந்த வழி பயன் தராது என்று முன்கூட்டியே அறிந்தவனுக்கு, பயன் தரும் வழியைத் தேடும் காலம் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவேதான் ஓடுபாதையில் எல்லோரும் பார்க்க நிற்கும் காரை விட, அலுமாரியில் பூட்டிய காகிதக் கட்டு பெறுமதி கூடியதாகின்றது.

நட்பும் மனக்குறையும்

நைஜல் ஸ்டெப்னி என்னும் ஆங்கிலேயர் பெராரியின் தலைமை இயந்திரவியலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். மைக்கேல் ஷூமாக்கர் தொடர்ச்சியாக உலகப் பட்டங்களை வென்ற காலத்தில் அந்த வெற்றிகளுக்குப் பின்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர். 2006 முடிவில் ஷூமாக்கர் ஓய்வு பெற்றார். தொழில்நுட்பப் பணிப்பாளர் ரொஸ் ப்ரோனும் விடைபெற்றார். அதன்பின் நடந்த பதவி மாற்றங்களில் ஸ்டெப்னிக்கு மனநிறைவு ஏற்படவில்லை. 2007 ஆரம்பத்திலேயே தமது அதிருப்தியை அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தார்.

மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் மைக் கொக்லன் அவருக்குப் பழைய நண்பர். இருவரும் முன்னாளில் லோட்டஸ் அணியில் ஒன்றாகப் பணி புரிந்தவர்கள். இருவரும் சேர்ந்து வேறோர் அணிக்குச் செல்லும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. 2007 ஜூன் மாதத்தில் ஹொண்டா அணியின் தலைமையை அவர்கள் சந்தித்ததை ஹொண்டாவே பின்னர் உறுதிப்படுத்தியது.

முதலில் கைமாறியது ஒரு செய்தி. 2007 மார்ச் மாதம் அவுஸ்திரேலியாவில் நடந்த முதற் பந்தயத்திற்கு முன்னர், பெராரி காரின் அடித்தளம் வேகத்தில் வளைந்து கொடுக்கும் வகையில் பொருத்தப்பட்டிருப்பதாக ஸ்டெப்னி தமது நண்பருக்குத் தெரிவித்தார். அந்தப் பந்தயத்தில் பெராரியின் கிமி ரைக்கோனன் வென்றார். மெக்லாரன் அதுபற்றிச் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனத்திடம் விளக்கம் கோரியது. அடித்தளப் பரிசோதனை கடுமையாக்கப்பட்டது. பெராரியும் தனது அமைப்பை மாற்ற நேர்ந்தது.

அடுத்து, ஏப்ரல் 28 ஆம் திகதி ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் கைமாறியது ஒரு பெருங்கட்டு. 780 பக்கங்களைக் கொண்ட அந்த ஆவணங்களில் பெராரி காரின் வடிவமைப்பு முதல் பரிசோதனை வரையான விபரங்கள் அடங்கியிருந்தன. ஸ்டெப்னியின் தொடர்பைத் துண்டிக்குமாறு மெக்லாரன் நிர்வாகம் கொக்லனைக் கேட்டிருந்தது. ஸ்டெப்னியின் மின்னஞ்சல்கள் உள்ளே வராதபடி நிறுவனத்தின் கணினியில் தடையும் ஏற்படுத்தப்பட்டிருந்தது. எனினும் இரு நண்பர்களின் தொடர்பு நிற்கவில்லை. மார்ச் 11 இற்கும் ஜூலை 3 இற்கும் இடையில் அவர்களிடையே குறைந்தது 288 குறுஞ்செய்திகளும் 35 தொலைபேசி அழைப்புகளும் இடம்பெற்றமை பின்னர் தெரியவந்தது.

பிரதி எடுக்கும் கடையில் பிடிபட்ட இரகசியம்

இத்தனை பெரிய விவகாரம் வெளிப்பட்ட விதம் மிகச் சாதாரணமானது. கொக்லனின் மனைவி அந்த ஆவணங்களை இங்கிலாந்தின் சரே பகுதியில் உள்ள பிரதி எடுக்கும் கடையொன்றுக்குக் கொண்டு சென்று, இறுவட்டில் பதிவு செய்து தருமாறு ஒப்படைத்தார். கடை ஊழியர் பெராரி அணியின் ரசிகர். தாள்களின் மீதிருந்த பெராரியின் பெயரைக் கண்டு சந்தேகமுற்ற அவர் இத்தாலிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பெராரி இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடியது. ஜூலை 3 ஆம் திகதி கொக்லனின் வீட்டில் நடந்த சோதனையில் ஆவணங்கள் கிடைத்தன. எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டாலும் கண்டுபிடிக்கப்படாத களவை ஒரு ரசிகரின் கண் கண்டுபிடித்தது.

ஜூலை 26 ஆம் திகதி சம்மேளனத்தின் உலக மோட்டார் விளையாட்டுச் சபை கூடியது. மெக்லாரன் விதியை மீறியுள்ளது எனக் கண்ட சபை, அந்தத் தகவல்கள் பயன்படுத்தப்பட்டமைக்குப் போதிய சான்று இல்லை எனக் கூறித் தண்டனை விதிக்காமல் விட்டது. பெராரி தரப்பினர் கொதித்தனர். மெக்லாரன் தரப்பினர் பெருமூச்சு விட்டனர். விவகாரம் அத்துடன் முடிந்திருக்கவும் கூடும்.

ஆனால் மெக்லாரனின் வீட்டுக்குள்ளேயே அப்போது சண்டை மூண்டிருந்தது. இருமுறை உலகச் சம்பியனான பெர்னாண்டோ அலொன்சோவும் முதலாண்டிலேயே அவரை மிஞ்சத் தொடங்கிய 22 வயது இளைஞர் லூயிஸ் ஹமில்டனும் ஒரே அணியில் பகைவர்களாகினர். ஓகஸ்ட் மாத ஆரம்பத்தில் ஹங்கேரியில் நடந்த தகுதிகாண் சுற்றில் அவர்களின் மோதல் உச்சத்தை அடைந்தது. மறுநாட் காலை அலொன்சோவுக்கும் அணித் தலைவர் ரொன் டெனிஸுக்கும் இடையில் நடந்த வாக்குவாதத்தில், தம்மிடம் உள்ள மின்னஞ்சல்கள் பற்றி அலொன்சோ பேசினார். டெனிஸ் தாமே சம்மேளனத் தலைவர் மக்ஸ் மோஸ்லிக்கு அதனைத் தெரிவித்தார். சம்மேளனமும் சாரதிகளுக்குக் கடிதம் அனுப்பி, உண்மையைத் தந்தால் அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது என வாக்களித்தது.

அப்படிக் கிடைத்த மின்னஞ்சல்கள் அலொன்சோவுக்கும் பரிசோதனைச் சாரதி பெட்ரோ டி லா ரோசாவுக்கும் இடையே பரிமாறப்பட்டவை. பெராரி காரின் எடைப் பகிர்வு, தடுப்புத் தொகுதி, டயர்களில் நிரப்பப்படும் விசேட வாயு ஆகியன பற்றி அவற்றிற் பேசப்பட்டிருந்தது. தகவலின் ஊற்று கொக்லனும் அவரது நண்பரும் என்பதும் அவற்றிற் தெளிவாயிருந்தது. இரகசியம் ஒரு தனிமனிதரின் வீட்டு அலுமாரியோடு நின்றுவிட்டது என்ற வாதம் அத்துடன் நொறுங்கியது.

2007 செப்டெம்பர் 13 ஆம் திகதி பாரிஸில் தீர்ப்பு வழங்கப்பட்டது. அந்த ஆண்டின் அணிகளுக்கான சம்பியன் போட்டியிலிருந்து மெக்லாரன் நீக்கப்பட்டது. 100 மில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அணி இழக்கும் பரிசுப் பணம் அதிலிருந்து கழிக்கப்படும் எனவும் கூறப்பட்டது. ஒத்துழைத்த காரணத்தினால் சாரதிகளின் புள்ளிகள் தொடப்படவில்லை. மூன்று நாட்களின் பின்னர் பெல்ஜியத்தில் பெராரி அணிப் பட்டத்தை உறுதி செய்துகொண்டது. ஒக்டோபர் 21 ஆம் திகதி பிரேசிலில் நடந்த இறுதிப் பந்தயத்தின் முடிவில் பெராரியின் ரைக்கோனன் 110 புள்ளிகளுடன் உலகச் சம்பியனானார். ஹமில்டனும் அலொன்சோவும் தலா 109 புள்ளிகளுடன் நின்றனர். ஒரேயொரு புள்ளியில் இருவரும் கோட்டை விட்டனர்.

டிசம்பரில் மெக்லாரன் பகிரங்க மன்னிப்புக் கோரியது. ஸ்டெப்னி இத்தாலிய நீதிமன்றத்தில் 2010 இல் 20 மாதச் சிறைத் தண்டனைக்கு உடன்பட்டாராயினும் அதனைச் சிறையில் அனுபவிக்கவில்லை. 2014 மே மாதம் இங்கிலாந்தில் நடந்த வீதி விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார். கொக்லன் 2011 இல் வில்லியம்ஸ் அணியில் மீண்டும் பணிக்கு அமர்ந்தார்.

ரசிகர்கள் எழுப்பும் மூன்று கேள்விகள்

இவ்விவகாரத்தில் ரசிகர்கள் கிளப்பும் வாதங்களை மூன்றாகத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவது: பெராரியும் சுத்தமானதா? காரின் அடித்தளம் விதிக்கு முரணாக இருந்தது என்றால், அதைச் சொன்னவர் முறைகேட்டை அம்பலப்படுத்தியவர்தானே என மெக்லாரன் ஆதரவாளர் கேட்பர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அடித்தளம் அன்று நடைமுறையில் இருந்த பரிசோதனையில் தேறியிருந்தது என்பது பெராரியின் விடை. எனினும் ஒரு முறைகேட்டை முறையான அதிகாரியிடம் எடுத்துரைப்பதும், 780 பக்கங்களைப் போட்டியாளரிடம் கையளிப்பதும் ஒன்றாகா. மார்ச் மாதச் செய்திக்குச் சொல்லப்படும் நியாயம் ஏப்ரல் மாதக் கட்டுக்குப் பொருந்தாது.

இரண்டாவது: அணி குற்றவாளி என்றால் சாரதிகள் மட்டும் எவ்வாறு தப்பினர்? களவுத் தகவலால் கார் வேகம் பெற்றிருந்தால் அந்த வேகத்தில் ஈட்டிய புள்ளியும் களவுப் புள்ளிதானே என்பது பெராரி ஆதரவாளரின் கேள்வி. தர்க்கத்தில் இதற்கு விடை கூறுவது கடினம். ஆனால், உண்மையைப் பேச வைப்பதற்காக வாக்குக் கொடுத்த சபை, உண்மை கிடைத்த பின்னர் அந்த வாக்கை மீறியிருந்தால் இனி எந்தச் சாட்சி வாய் திறப்பான்? நீதிக்கு நாம் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

மூன்றாவது: ஒரே குற்றத்திற்கு ஒரே தண்டனையா? இங்கேதான் சபையின் நிலை பலவீனமானது. அதே 2007 டிசம்பரில் ரெனோல்ட் அணி விசாரிக்கப்பட்டது. மெக்லாரனிலிருந்து 2006 இல் விலகி ரெனோல்ட்டில் இணைந்த பொறியியலாளர் ஒருவர் மெக்லாரனின் இரகசியங்கள் அடங்கிய 11 பதிவுத் தட்டுகளைக் கொண்டு வந்திருந்தார். ரெனோல்ட்டின் ஊழியர்கள் பலர் அவற்றைப் பார்த்தும் இருந்தனர். விதி மீறப்பட்டது எனச் சபை கண்டது. ஆனால், அது போட்டியின் முடிவைப் பாதித்தமைக்குச் சான்று இல்லை எனக் கூறித் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. ரெனோல்ட் விடயத்தில் தகவல் புதிதாக வந்துகொண்டிருக்கவில்லை, மெக்லாரன் விடயத்தில் அது பந்தயக் காலத்திலேயே தொடர்ந்து பாய்ந்தது என்று வேறுபாடு காட்டலாம். ஆயினும் ஒன்றுக்கு 100 மில்லியன், மற்றதற்குப் பூச்சியம் என்ற இடைவெளியைச் சாதாரண ரசிகர் ஒருவருக்கு விளங்க வைப்பது எளிதன்று.

தண்டத்தின் கதையும் நீதிமன்றத்தில் நீண்டது. செலுத்திய பணத்தை வியாபாரச் செலவாகக் காட்டி வரியிலிருந்து கழிக்கலாம் என மெக்லாரன் வாதிட்டது. 2012 இல் இங்கிலாந்தின் கீழ்நிலை வரித் தீர்ப்பாயம் அதனை ஏற்றது. 2014 இல் மேல்நிலைத் தீர்ப்பாயம் அதனை மறுத்தது. ஏமாற்றியமைக்கான தண்டம் வியாபாரத்தின் இயல்பான செலவாகாது என்ற முடிவு சாதாரண மனிதனின் நியாய உணர்வுக்கு இயைந்ததே.

இந்தியப் பெயர் தாங்கிய அணியின் வழக்கு

2007 விவகாரம் ஐரோப்பியரின் சண்டையாகவே எமது ரசிகர்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் இரண்டாண்டுகளுக்குள் அதே கேள்வி எமக்கு நெருங்கிய பெயர்களோடு எழுந்தது.

2007 இலையுதிர் காலத்தில் ஸ்பைக்கர் அணியை வாங்கிய குழுவில் பெங்களூர்த் தொழிலதிபர் விஜய் மல்லையா இருந்தார். 2008 முதல் அது போர்ஸ் இந்தியா என்ற பெயரில் ஓடியது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்தான் அணியில் ஓட்டி இந்தியாவின் முதலாவது போர்மியூலா வன் சாரதி என்ற பெருமையைப் பெற்றதும் அதே சில்வர்ஸ்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த காரிலேயே. ஜோர்தான் அணி கைமாறிக் கைமாறியே போர்ஸ் இந்தியாவாகியது.

மறுபுறத்தில், இந்திய வம்சாவளி மலேசியரான விமானத் தொழிலதிபர் டொனி பெர்னாண்டஸ் லோட்டஸ் என்ற பெயரில் புதிய அணியொன்றைத் தொடங்கினார். 2009 செப்டெம்பரில் அனுமதி பெற்ற அந்த அணி 2010 மார்ச்சில் முதற் பந்தயத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஆறு மாத காலத்திற்குள் ஒரு கார்! சென்னையின் கருண் சந்தோக் 2011 இல் ஜெர்மனியில் ஒரு பந்தயத்தை ஓட்டியதும் இந்த அணிக்காகவே.

இரு அணிகளையும் இணைத்த புள்ளி ஏரோலாப் என்ற இத்தாலிய நிறுவனம் ஆகும். காரின் பாதியளவு மாதிரியைச் செய்து, பெரிய குழாய் போன்ற கூடத்தில் வைத்து, அதன் மீது காற்றை வீசச் செய்து, உருவத்தின் நலம் தீமையை அளவிடுவது அதன் தொழில். முதலில் அது போர்ஸ் இந்தியாவுக்கு உழைத்தது. கொடுப்பனவுகள் தாமதமாகி நிலுவை பெருகவே 2009 நடுப்பகுதியில் அந்த வேலை நின்றது. பின்னர் அது லோட்டஸுக்கு உழைக்கத் தொடங்கியது. லோட்டஸின் தொழில்நுட்பத் தலைவர் மைக் கஸ்கொயினும் முன்னர் போர்ஸ் இந்தியாவில் இருந்தவர். தமது கார் முழுவதையுமே களவாடிவிட்டனர் எனப் போர்ஸ் இந்தியா லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

2012 மார்ச்சில் நீதியரசர் ஆர்னல்ட் அளித்த தீர்ப்பு இத்துறையில் முக்கியமான ஒன்றாகும். ஏரோலாப்பின் கணினி வரைஞர்கள் பழைய வாடிக்கையாளரின் கோப்புகளைத் திறந்து, சில பாகங்களை நகலெடுத்து, புதிய வாடிக்கையாளரின் மாதிரிக்குக் குறுக்குவழியாகப் பயன்படுத்தியமை நிரூபணமாயிற்று. அது நம்பிக்கை மீறல் என நீதிமன்றம் கண்டது. ஆனால், கார் முழுவதும் திட்டமிட்டு நகலெடுக்கப்பட்டது என்ற பெரிய குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. கஸ்கொயின் மீதான கோரிக்கையும் நிலைக்கவில்லை. குறுக்குவழியால் மிச்சமான உழைப்பின் பெறுமதியே இழப்பீட்டின் அளவுகோலாயிற்று. போர்ஸ் இந்தியாவுக்குக் கிடைத்தது 25,000 யூரோ.

அதே தீர்ப்பில் ஏரோலாப்புக்குச் செலுத்தாமல் விட்ட கூலிக்காகப் போர்ஸ் இந்தியா கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தொகை 846,230 யூரோ.

இந்த இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நம்பிக்கை என்பது ஒரு வழிப் பாதையன்று. தன் இரகசியத்தைக் காக்குமாறு கோருபவன், உழைத்தவனின் கூலியையும் உரிய வேளையில் கொடுத்தல் வேண்டும். கூலி நிலுவை நகலெடுத்ததை நியாயப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறியது. நகலெடுத்தமை கூலியைக் கொடுக்காமல் விடுவதற்குக் காரணமாகாது என்றும் அது கூறியது. தோட்டப் பகுதியில் கூலிக்காகப் போராடிப் பழகிய எமது மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

காலம் செய்த வேடிக்கை இன்னொன்றும் உண்டு. 2018 இல் போர்ஸ் இந்தியா கடனில் மூழ்கியது. அதன் சில்வர்ஸ்டன் தொழிற்சாலை ரேசிங் பொயின்ட் என்ற புதிய பெயரில் இயங்கியது. 2020 இல் அந்த அணியின் கார், முந்திய ஆண்டின் மெர்சிடஸ் காரை அப்படியே உரித்து வைத்தாற்போல் வந்தது. புகைப்படங்களைப் பார்த்தே செய்தோம் என்றனர். உடலின் பெரும்பகுதி குறித்து அந்த விடை ஏற்கப்பட்டது. ஆனால், தடுப்புத் தொகுதிக்குக் காற்றைச் செலுத்தும் பாகங்கள் மெர்சிடஸ் கொடுத்த வரைபடங்களிலிருந்து வந்தவை என்பது நிரூபணமாகவே, 15 புள்ளிகள் பறிக்கப்பட்டு 400,000 யூரோ தண்டமும் விதிக்கப்பட்டது. எம்மிடமிருந்து களவாடினர் என்று முறையிட்ட அதே தொழிற்சாலை, பத்தாண்டுகளின் பின்னர் நகலெடுத்ததாகக் குற்றக் கூண்டில் நின்றது.

எமது மண்ணில் விளைந்த இரகசியங்கள்

நகலெடுப்பது யாவும் களவுதானா என்ற கேள்விக்கு விடை தேட நாம் பாரிஸ் வரை செல்ல வேண்டியதில்லை. ஊவாவின் மலைகளைப் பார்த்தாலே போதும்.

சீனர் நெடுங்காலமாகத் தம்மிடம் வைத்திருந்த தேயிலைத் தொழிலின் நுட்பத்தை அறிவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பனி 1848 இல் ரொபர்ட் போர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளரை அனுப்பியது. அவர் சீன உடை தரித்து, அந்நியர் நுழையத் தடையிருந்த உட்பகுதிகளுக்குச் சென்று, கன்றுகளையும் விதைகளையும் தேர்ந்த தொழிலாளர் சிலரையும் இந்தியாவுக்குக் கொண்டு சென்றார். இலங்கையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கினார். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை எங்கும் பரவியது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார்.

இறப்பரின் கதையும் இத்தகையதே. 1876 இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்தவற்றில் பெரும்பகுதியான கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு கம்பஹா ஹேனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. இன்று மொனராகலை மாவட்டத்தில் பால் வெட்டும் மரங்களின் முன்னோர் அந்த விதைகளே. பிரேசிலியர் விக்காமைக் கள்வன் என்பர். அன்று விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அங்கு இருக்கவில்லை என்பர் பிரித்தானியர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் முடியாத இந்த வாதம், பெராரி மெக்லாரன் ரசிகரின் வாதத்திற்கு மூத்த சகோதரம் எனலாம்.

பிறர் கண்டதைக் கற்காமல் எந்தத் தொழிலும் வளர்ந்ததில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அப்படியாயின் எல்லைக்கோடு எது?

தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் ஊவாக் கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும், எந்த வாசனை எழும்போது உலர்த்த வேண்டும் என்பதை அவரது மூக்கும் கைவிரல்களும் அறியும். அவர் வேறொரு தொழிற்சாலைக்கு மாறிச் சென்றால் அந்த மூக்கையும் விரல்களையும் விட்டுச் செல்லுமாறு எவரும் கேட்க முடியாது. அது அவர் வாழ்நாளில் தேடிய சொத்து. ஆனால், பழைய தொழிற்சாலையின் கொள்வனவாளர் பட்டியலையும் விலைக் குறிப்பேட்டையும் பையில் வைத்துக்கொண்டு சென்றாரானால் அது வேறு விடயம். அது அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்.

மேலே கூறிய எல்லா வழக்குகளும் ஈற்றில் இந்தக் கோட்டிலேயே வந்து நிற்கின்றன. எதிரணியின் காரை ஓடுபாதையில் நின்று உற்று நோக்கலாம். பொறியியலாளர் அணி மாறலாம். அவரது அனுபவமும் அவரோடு மாறும். காகிதமும் கோப்பும் பதிவுத் தட்டும் மாறக்கூடாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வெளியிடப்படாத தகவலை நேர்மையற்ற முறையில் பெறுவதையும் பயன்படுத்துவதையும் நியாயமற்ற போட்டி என்றே கொள்கின்றது. ஆடைத் தொழிற்சாலையில், வங்கியில், கணினி நிறுவனத்தில், வளைகுடா நாட்டு அலுவலகத்தில் பணியாற்றும் எமது இளைஞர் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். வேலையை விட்டு விலகும் நாளில் ஒரு சிறு நினைவகக் குச்சியில் எதைப் பிரதி செய்கின்றோம் என்பது, இத்தாலியில் நடந்த கதையாக இல்லாமல் தமது சொந்த எதிர்காலத்தின் கேள்வியாகிவிடும்.

ஒற்றாடலுக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. ஆனால், அது நாட்டைக் காக்கும் மன்னனின் கடமை பற்றிப் பொருட்பாலில் வைக்கப்பட்டது. ஒரு வீட்டில் உண்டு அந்த வீட்டின் சாவியை அயலானிடம் கொடுப்பதற்கு அங்கு இடமில்லை. முஸ்லிம்கள் அமானிதம் என்றும் தமிழர் அடைக்கலப் பொருள் என்றும் போற்றுவது ஒன்றையே. நம்பிக் கொடுத்ததைக் கொடுத்தவரின் அனுமதியின்றி அசைக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

2007 இல் எந்த அணி வேகமானது என்ற வாதம் தியத்தலாவையின் மலைச்சரிவில் இனியும் தொடரட்டும். அது ரசிகரின் உரிமை. ஆயினும் 780 பக்கங்களின் கதையைக் கேட்கும் இளைஞர் ஒருவர், தம் கையில் ஒப்படைக்கப்பட்ட காகிதத்தை ஒரு கணம் நிதானித்துப் பார்ப்பாரானால், அந்த நீண்ட விவாதம் வீண்போகவில்லை என நாம் கொள்ளலாம்.